வாய்க்குத் தெரிந்த இலக்கணம்

ஏழெட்டுக் கேள்விகள் ஒரே மூச்சில் வந்திருக்கின்றன. பேச்சுத்தமிழுக்கு இலக்கணம் உண்டா? யாரும் சொல்லித் தராமல் குழந்தை எப்படிப் பேசப் பழகுகிறது? மொழி கெட்டுக்கொண்டே போகிறதா? நாம் பேசும் மொழி நம் சிந்தனையை அடைத்து வைக்கிறதா? எது கடினமான மொழி, எது மூத்த மொழி? மற்ற மொழிக்காரர்கள் ஏன் அவ்வளவு வேகமாகப் பேசுகிறார்கள்? விலங்குகளுக்கு மொழி உண்டா? எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பதில் சொல்லப் போவதில்லை. சிலவற்றுக்கு ஒரு பத்தி போதும். சிலவற்றில் நான் உட்கார்ந்துவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வியில்தான் உட்காரப் போகிறேன், ஏனென்றால் மற்றவற்றுக்கான பதிலில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களையும் சொல்லிப் பாருங்கள்: "அவன் மரம் வெட்டினான்." "அவன் மரத்தை வெட்டினான்." இரண்டும் சரியான தமிழ்தான். ஆனால் இரண்டாவதைக் கேட்டவர் உடனே "எந்த மரத்தை?" என்பார். முதலாவதைக் கேட்டு யாரும் அப்படிக் கேட்பதில்லை. அங்கே மரம் வெட்டுவது ஒரு வேலை, அவ்வளவுதான். இங்கே ஒரு குறிப்பிட்ட மரம் விழுந்துவிட்டது. "புத்தகம் படித்தேன்", "புத்தகத்தைப் படித்தேன்" இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் இதுவே.

சரி, மரத்துக்குப் பதில் ஆளைப் போடுவோம். "நான் அவனைப் பார்த்தேன்." இதில் அந்த ஐயை எடுத்துவிட்டு "நான் அவன் பார்த்தேன்" என்று சொல்ல உங்கள் வாய் ஒத்துக்கொள்கிறதா? ஒத்துக்கொள்ளாது. அஃறிணையில் ஐ வரலாம், போகலாம். போனால் பொருள் கொஞ்சம் நகரும். ஆளைச் சுட்டினால் ஐ வந்தே ஆக வேண்டும். இதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? பள்ளியில் "ஐ இரண்டாம் வேற்றுமை உருபு" என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்த உருபு எப்போது கட்டாயம், எப்போது விருப்பம் என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மூன்று வயதில் நீங்களே கண்டுபிடித்து வைத்துக்கொண்டீர்கள். தொல்காப்பியர் இதைக் கவனித்திருக்கிறார், உயர்திணையில் ஐ ஒழியாது வரும் என்று எழுத்ததிகாரத்தில் ஓர் இடத்தில் சொல்கிறார். ஆனால் தொல்காப்பியம் என்ற பெயரையே கேள்விப்படாதவரும் இதில் தவறுவதில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. துருக்கி மொழிக்கும் தமிழுக்கும் எந்த உறவும் நிறுவப்படவில்லை. அங்கும் பொத்தாம்பொதுவாகப் புத்தகம் படித்தால் உருபு இல்லை, இன்ன புத்தகம் என்றால் உருபு உண்டு. ஸ்பானிய மொழியில் வீட்டைப் பார்த்தேன் என்னும்போது ஒன்றும் சேர்க்க வேண்டாம். மரியாவைப் பார்த்தேன் என்னும்போது பெயருக்கு முன்னால் 'அ' என்ற சின்னச் சொல்லைச் சேர்த்தாக வேண்டும். ஒன்றையொன்று பார்த்திராத மொழிகள் ஒரே முடிச்சை ஒரே மாதிரி அவிழ்த்திருக்கின்றன. செய்பவர் ஆள், செய்யப்படுவது பொருள் என்பதுதான் பேச்சில் வழக்கமான நிலை. ஆளே செயப்படுபொருளாக வந்து நின்றால் யார் யாரை என்ற குழப்பத்துக்கு வாய்ப்பு அதிகம், அதனால் அங்கே ஒரு அடையாளம் ஒட்டப்படுகிறது. காரணத்தை இப்படித்தான் பலரும் விளக்குகிறார்கள், எனக்கும் அது ஏற்கத்தக்கதாகவே படுகிறது.

ஆக, இலக்கணம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று, புத்தகத்தில் இருப்பது, எழுதும்போது இப்படி எழுது என்று சொல்வது. மற்றொன்று, பேசுகிறவரின் தலைக்குள் இருப்பது. பேச்சுத்தமிழுக்கு முதல் வகையில் பெரிதாக ஒன்றும் எழுதி வைக்கவில்லை. இரண்டாவது வகையில் அது எழுத்துத்தமிழுக்கு ஒரு இம்மியும் குறைந்ததல்ல. "நாங்க போனோம்" என்கிறோம், "நாங்க போனேன்" என்று எந்த ஊரிலும் எவரும் சொல்வதில்லை. கண்டபடி பேசுவது என்ற ஒன்று மொழியில் கிடையாது, திட்டும்போதுகூட விதிப்படிதான் திட்டுகிறோம்.

இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று, பள்ளியில் வாசிப்பதுபோல் இல்லாமல் வீட்டில் பேசுவதுபோல், "அது என்ன மரம்?" என்று கேளுங்கள். கடைசியில் உதடுகள் ஒட்டுகின்றனவா? பெரும்பாலானவர்களுக்கு ஒட்டாது. ம் என்று எழுதுகிறோம், ஆனால் வாயில் வருவது மூக்கால் சொன்ன ஒரு உயிரொலி மட்டும்தான். இப்போது "மரமா?" என்று கேளுங்கள். உதடுகள் கச்சிதமாக ஒட்டும். பின்னால் உயிர் வந்தால் ம் திரும்பி வருகிறது, சொல் அங்கேயே முடிந்தால் மூக்கொலியாகக் கரைந்துவிடுகிறது. இதைச் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை, "நான் ம் சொல்கிறேனே" என்று சாதிப்பார்கள். எழுத்தைப் பார்த்துப் பழகிய கண் காதை ஏமாற்றுகிறது.

அடுத்த கேள்விக்குப் போவோம், குழந்தை எப்படிக் கற்கிறது. "கேட்டுக் கேட்டு, அப்படியே திருப்பிச் சொல்லி" என்பது பொதுவான பதில். அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பார்க்க, நான் இப்போது கட்டிவிட்ட ஒரு சொல்: டிம்பம். அப்படி ஒரு பொருள் உலகில் இல்லை. "அந்த டிம்ப... எடு" என்று நிரப்பச் சொன்னால் என்ன சொல்வீர்கள்? டிம்பத்தை. டிம்பமை என்று யாரும் சொல்வதில்லை. டிம்பத்துக்கு, டிம்பத்தில், டிம்பத்தோடு என்று வரிசையாக வந்துவிடும். கேட்டதை மட்டும்தான் சொல்வோம் என்றால் இதுவரை கேட்காத சொல்லுக்கு இது எப்படி வந்தது? கடன் வாங்கிய சொற்களிலும் இந்த இயந்திரம் ஓடுகிறது. மியூசியம் வந்த மறுநாளே மியூசியத்தில் ஆகிவிட்டது. ஆனால் புரோகிராம் மட்டும் புரோகிராமில் என்றே நிற்கிறது, புரோகிராத்தில் ஆகவில்லை. முடிவில் இருப்பது 'அம்' என்பதா, 'ஆம்' என்பதா என்று வாய் பார்த்துவிடுகிறது. குறில் அம் என்றால் அத்து, நெடில் என்றால் கிடையாது.

இப்படிக் கட்டிவிட்ட சொல்லைக் கொண்டு குழந்தைகளைச் சோதித்தவர் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், 1958இல். குருவி போன்ற ஒரு உருவத்தைக் காட்டி, "இது ஒரு வக்" என்றார். அப்புறம் இரண்டைக் காட்டி, "இப்போது இரண்டு இருக்கின்றன. இவை இரண்டு ...?" என்று இழுத்தார். பள்ளிக்குப் போகாத பிள்ளைகள்கூட ஆங்கிலப் பன்மை விகுதியைச் சேர்த்தார்கள், அதையும் அந்த இடத்துக்குரிய உச்சரிப்போடு. அந்தச் சொல்லை அவர்கள் அதற்கு முன் கேட்டிருக்க வழியே இல்லை. ஆங்கிலம் பேசும் குழந்தை போனதைச் சொல்ல "வென்ட்" என்பதற்குப் பதில், போ என்று பொருள்படும் "கோ"வோடு இறந்தகால விகுதியை ஒட்டி "கோட்" என்று சொல்வதும் இதே கதைதான். பெரியவர் எவரும் அப்படிச் சொல்லிக் கேட்டிராத வடிவம் அது. அந்தத் தவறு, உள்ளே ஒரு விதி உருவாகிவிட்டது என்பதற்குச் சான்று. அதைத் திருத்துவதில் அவசரம் வேண்டாம், தானே போகும்.

விதிகளுக்கு முன்னால் ஒலிகள். பத்து, பட்டு. நமக்கு இவை இரவும் பகலும் போல வேறு. ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவருக்கு நடுவில் இருக்கும் த்தும் ட்டும் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும், நாம் ஏன் இதைப் பெரிதுபடுத்துகிறோம் என்று விழிப்பார். அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஆங்கிலத்தில் திராட்சைக் கொடிக்கும் திராட்சை மதுவுக்கும் இரண்டு வேறு சொற்கள், நாம் எழுதினால் இரண்டும் வைன். ஒன்றில் மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், மற்றதில் இரண்டு உதடுகளும் குவிய வேண்டும். நம்மிடம் ஒரே ஒரு வ, அது இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது.

ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். ஆங்கிலம் பேசும் வீட்டுக் கைக்குழந்தைகளுக்கு இந்தியின் த, ட வேறுபாட்டைக் கேட்க வைத்தார்கள். ஆறிலிருந்து எட்டு மாதக் குழந்தைகள் பெரும்பாலும் கண்டுபிடித்துவிட்டன. பத்திலிருந்து பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறன் சரிந்துவிட்டது. காது மந்தமாகிவிடவில்லை. தன் மொழிக்குத் தேவையில்லாத வேறுபாட்டைக் கவனிப்பதைக் குழந்தை நிறுத்திவிட்டது. முதல் சொல் வாயில் வருவதற்கு முன்பே, எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்காமல் விட வேண்டும் என்ற பட்டியல் தயாராகிவிடுகிறது.

தமிழில் நாம் கேட்காமல் விட்ட ஒன்றைக் காட்டட்டுமா? கல், மகன், தங்கம். மூன்றிலும் ககர வரிசைதான். சொல்லிப் பார்த்தால் மூன்றும் வேறு வேறு ஒலி. சொல்லின் தொடக்கத்தில் வன்மையாக, இரண்டு உயிர்களுக்கு நடுவில் மென்மையாகத் தேய்ந்து, மூக்கொலிக்குப் பின் அதிர்ந்து. ஆனால் எது எங்கே வரும் என்பதை இடமே முடிவு செய்துவிடுகிறது, அதனால் மூன்றுக்கும் ஒரே எழுத்து போதும். "தமிழில் எழுத்துப் பற்றாக்குறை" என்று அடிக்கடி ஒரு குறை சொல்லப்படும். தமிழ்ச் சொற்களை எழுதப் பற்றாக்குறை இல்லை, மிகச் சிக்கனமான கணக்கு அது. சிக்கல் வந்தது வெளிச்சொற்களோடுதான். பாவம் என்று எழுதினால் செய்த பாவமா, முகத்தில் காட்டும் பாவமா? இரண்டின் முதல் ஒலியும் வேறு, ஆனால் இடம் ஒன்றே. இடத்தை வைத்து ஒலியைக் கண்டுபிடிக்கும் பழைய ஏற்பாடு அங்கே கொஞ்சம் உடைந்துவிட்டது.

பேச்சில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை என்பதும் பலருக்குத் தெரியாது. எழுத்தில் விடும் இடத்தை நாம் காதிலும் கேட்பதாக நினைத்துக்கொள்கிறோம். பதிவுசெய்த பேச்சின் அலை வடிவத்தைப் பார்த்தால் அது ஒரே ஓட்டம். அந்த ஓட்டத்தைக் குழந்தை எப்படி வெட்டுகிறது? 1996இல் ஜென்னி சாஃப்ரன், ரிச்சர்ட் அஸ்லின், எலிஸா நியூபோர்ட் மூவரும் எட்டு மாதக் குழந்தைகளுக்குப் பிடாகு, படோடி, கோலாபு போன்ற பொருளற்ற சொற்களை இடைவெளியோ அழுத்தமோ இல்லாமல் கோத்து ஒலிக்கச் செய்தார்கள். இரண்டே நிமிடம். பி வந்தால் அடுத்து டா கட்டாயம் வரும், ஆனால் குவுக்குப் பின் எது வரும் என்று சொல்ல முடியாது. இந்தக் கணக்கை வைத்தே குழந்தைகள் சொல்லின் எல்லையைப் பிடித்துக்கொண்டன. தெரியாத மொழியை எவர் பேசினாலும் "என்ன வேகம்!" என்று நமக்குத் தோன்றுவதற்கு ஒரு காரணம் இங்கே இருக்கிறது. வெட்டத் தெரியாத ஓட்டம் எப்போதும் வேகமாகத்தான் கேட்கும்.

உண்மையிலேயே வேக வேறுபாடும் உண்டு. 2019இல் பதினேழு மொழிகளை அளந்து பார்த்தார்கள். ஜப்பானிய மொழியில் வினாடிக்கு வரும் அசைகள் மிக அதிகம், தாய்லாந்து மொழியில் குறைவு. ஆனால் ஜப்பானிய அசை ஒவ்வொன்றும் சுமக்கும் தகவல் கொஞ்சம், தாய் அசை சுமப்பது நிறைய. பெருக்கிப் பார்த்தால் எல்லாம் வினாடிக்குச் சுமார் 39 பிட் (தகவலை அளக்கும் அலகு) அளவைச் சுற்றியே நிற்கின்றன. வாயின் வேகம் வேறு, விஷயம் போய்ச் சேரும் வேகம் ஏறக்குறைய ஒன்று.

குழந்தைகள் மொழியைக் கற்பதோடு நிற்பதில்லை, உண்டாக்கவும் செய்வார்கள். 1970களின் பிற்பகுதியில் நிகரகுவாவின் தலைநகரான மனாகுவாவில் காது கேளாத பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளி விரிவாக்கப்பட்டது. அதுவரை அந்தப் பிள்ளைகள் தனித்தனி வீடுகளில், ஆளுக்கொரு விதமாகக் கையசைத்துக் காலம் தள்ளியவர்கள். ஆசிரியர்கள் ஸ்பானிய உதட்டசைவைக் கற்றுக்கொடுக்க முயன்றார்கள், அது பெரிதாக எடுபடவில்லை. விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் பிள்ளைகள் தமக்குள் கைகளால் பேசத் தொடங்கினார்கள். முதல் தலைமுறையினரின் சைகைகள் சற்றுக் கரடுமுரடானவை. பின்னால் சேர்ந்த சின்னஞ்சிறுசுகள் அதை எடுத்து இலக்கணம் உள்ள முழு மொழியாக்கிவிட்டார்கள். இன்று அது நிகரகுவா சைகை மொழி. எந்தப் பெரியவரும் அதைத் திட்டமிடவில்லை. சைகை மொழி என்பது பேச்சின் கைவழி நகல் என்று நினைப்பவர்களும், உலகம் முழுக்க ஒரே சைகை மொழிதான் என்று நினைப்பவர்களும் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டும் தவறு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆங்கிலமே பேசினாலும் இரு நாட்டுச் சைகை மொழிகளும் ஒன்றுக்கொன்று புரியாத அளவு வேறானவை.

மொழி கெட்டுப்போகிறதா? இந்தக் கேள்வி வந்தால் எனக்குக் கொஞ்சம் பொறுமை குறையும். முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

"வந்துவிட்டேன்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் விடு என்ற வினை இருக்கிறது. விடு என்றால் கையிலிருந்து நழுவவிடுவது, அனுப்பிவிடுவது. வந்துவிட்டேன் என்னும்போது எதை விட்டீர்கள்? எதையும் விடவில்லை. "வேலை முடிந்தது, இனி மாற்றமில்லை" என்று காட்டுவது மட்டும்தான் இப்போது அதன் வேலை. பொருள் தேய்ந்து இலக்கணமாகிவிட்டது. பொருள் தேய்ந்தால் ஒலியும் தேயும்: வந்துவிட்டேன், வந்துட்டேன். வந்துகொண்டு இருக்கிறேன் என்பது வந்துகொண்டிருக்கிறேன் ஆகி, வந்துட்டிருக்கேன் ஆகி, அவசரத்தில் வந்துட்ருக்கேன் ஆகிவிட்டது. மூன்று வினைகள் ஒன்றாக உருகிவிட்டன. இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். அப்படியென்றால் உலகம் முழுக்கவே சோம்பேறிகள்தான். பிரெஞ்சில் எதிர்மறைக்கு வரும் 'பா' என்ற சொல் முதலில் காலடி என்ற பொருளில் இருந்தது. "ஓரடிகூட நடக்க மாட்டேன்" என்று அழுத்திச் சொல்லிச் சொல்லி, நடப்பதற்குச் சம்பந்தமில்லாத வினைகளிலும் ஒட்டிக்கொண்டது. இன்று பேச்சு பிரெஞ்சில் உண்மையான எதிர்மறைச் சொல்லையே பெரும்பாலும் விழுங்கிவிட்டு, அந்தக் காலடியை மட்டும் வைத்தே மறுக்கிறார்கள்.

"பயங்கரமா நல்லா இருக்கு" என்று இளைஞர்கள் சொல்வதைக் கேட்டு வருந்துபவர்களுக்கும் ஒரு செய்தி. ஜெர்மானியர்கள் மிக என்பதற்குச் சொல்லும் 'ஸேயர்' ஒரு காலத்தில் "வலிக்க வலிக்க" என்ற பொருளில் இருந்த சொல். இப்போது அதில் வலி எதுவும் மிச்சமில்லை. அளவைக் கூட்டிச் சொல்லும் சொற்கள் சீக்கிரம் மழுங்கும், அதனால் புதுப்புதுக் கூர்மை தேவைப்படும். பயத்திலும் வலியிலும் அது எளிதாகக் கிடைக்கிறது.

அப்புறம், எது கெடாத தமிழ்? செய்கிறேன் என்பதுதான் செம்மை, செய்றேன் கொச்சை என்கிறீர்கள். சங்கப் பாடல்களில் இந்தக் கிறு, கின்று என்ற நிகழ்கால இடைநிலையைத் தேடிப் பாருங்கள். மிக மிக அரிது. அது பின்னால் பெருகியது. நான் என்பதும் அப்படியே, அங்கே ஆட்சி செய்வது யான். அந்தக் காலத்துப் பெரியவர் ஒருவர் இன்றைய பாடநூலைப் படித்தால் "என்னய்யா இது" என்று தலையில் அடித்துக்கொள்வார். எழுத்துக்கு ஒரு நிலையான வடிவம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை, அதனால்தான் இதையும் எழுத்துத்தமிழில் எழுதுகிறேன். அது ஒரு ஏற்பாடு. ஒரு மொழி பேசுவோரை இழந்தால் அழியும், உச்சரிப்பு மாறினால் அழியாது. உலகில் இன்று 7,000க்கு மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன. அவற்றில் ஆபத்தில் இருப்பவை பலவும் பிள்ளைகளிடம் பேசப்படாமல் நின்றுபோனவை. கவலைப்பட வேண்டிய இடம் அது.

சிந்தனையை மொழி அடைத்துவைக்கிறதா என்ற கேள்வியோடு எப்போதும் ஒரு கதை வரும், எஸ்கிமோக்களிடம் பனிக்கு நூறு சொல் இருக்கிறதாம் என்று. 1911இல் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் உதாரணமாகக் காட்டியது நான்கே நான்கு வேர்ச்சொற்கள். கைமாறிக் கைமாறி அது நூறாகிவிட்டது. மேலும் அந்த மொழிகளில் ஒரு வேரிலிருந்து ஒட்டுகளைச் சேர்த்து எத்தனை சொல் வேண்டுமானாலும் கட்டலாம். தமிழில் "போகமுடியாதவர்களுக்காகத்தான்" என்பது ஒரு சொல்லா, ஏழா? நம் சொல் எண்ணிக்கையை யாராவது எண்ண வந்தால் அவர் பாடு திண்டாட்டம்தான்.

ஆனால் கேள்வியில் விஷயம் இல்லாமல் இல்லை. எல்லா மொழியிலும் எதையும் சொல்லலாம். எதைச் சொல்லாமல் தப்பிக்க முடியாது என்பதில்தான் மொழிகள் வேறுபடுகின்றன. மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1959இல் இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார். தமிழில் "நாளைக்கு நாம போறோம்" என்றால் கேட்பவரும் வருகிறார். "நாங்க போறோம்" என்றால் அவர் வரவில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், கேட்பவர் தன்னையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நமக்கு அந்த மழுப்பல் வசதி இல்லை, வாயைத் திறந்ததுமே முடிவைச் சொல்லியாக வேண்டும். அதேபோல "அவன் வந்தானாம்" என்னும் அந்த ஆம். நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டது என்று பொறுப்பைக் கழற்றி வைத்துவிடுகிறது. நமக்கு அது விருப்பம்தான், ஆனால் இறந்தகாலத்தைச் சொல்லும்போது பார்த்ததா கேள்விப்பட்டதா என்று வினையிலேயே காட்டும் ஏற்பாடு துருக்கியில் அன்றாடப் பேச்சின் எலும்பு.

இத்தகைய பழக்கம் மனதை நகர்த்துமா? கொஞ்சம் நகர்த்தும். ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் கூகு யிமிதிர் என்று ஒரு மொழி. இடம், வலம் என்று சொல்லாமல், பக்கத்தில் இருக்கும் பொருளையும் கிழக்கு, மேற்கு என்று திசையால் குறிப்பார்கள். அப்படிப் பேச எந்நேரமும் திசை தெரிந்திருக்க வேண்டும், அவர்களுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. கங்காரு என்ற சொல் 1770இல் வெளியுலகுக்கு வந்தது இந்த மொழியிலிருந்துதான். "எனக்குத் தெரியாது" என்று ஒருவர் சொன்னதை விலங்கின் பெயராக எடுத்துக்கொண்டார்கள் என்பது கட்டுக்கதை. ரஷ்ய மொழியில் வெளிர்நீலத்துக்கும் அடர்நீலத்துக்கும் தனித்தனி அடிப்படைச் சொற்கள். அந்த எல்லையைத் தாண்டும் இரண்டு நீலங்களை ரஷ்யர்கள் கண்ணிமைக்கும் அளவு சீக்கிரமாகவே பிரித்துவிட்டார்கள் என்று 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. அதில் எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். மனதுக்குள் எண்களைச் சொல்லிக்கொண்டே நிறத்தைப் பார்க்கச் சொன்னபோது அந்த முன்னிலை காணாமல் போய்விட்டது. கண் மாறவில்லை, சொல் பக்கத்தில் நின்று கைகொடுத்துக்கொண்டிருந்தது. ஆகவே மொழி சிறையா என்றால், இல்லை. தினமும் நடந்து பழகிய தடம் என்று சொல்லலாம்.

மீதியை வேகமாக முடிக்கிறேன். மரத்துக்கு ஏன் மரம் என்று பெயர்? "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்று தொல்காப்பியர் ஒரே அடியில் முடித்துவிட்டார், நான் நீட்டப் போவதில்லை.

விலங்குகள்: ஆப்பிரிக்காவின் வெர்வெட் குரங்குகளுக்குச் சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று. கேட்ட குரங்குகள் அதற்கேற்ப மரத்தில் ஏறும், மேலே பார்க்கும், தரையைப் பார்க்கும். தேனீ ஆடிக் காட்டியே பூ எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று சொல்லிவிடும். தொடர்பு என்று பார்த்தால் இரண்டும் அருமையானவை. ஆனால் "நேற்று கழுகு வரவில்லை" என்று எந்தக் குரங்கும் சொன்னதில்லை. இருபது முப்பது அர்த்தமற்ற ஒலிகளைக் கோத்து ஆயிரக்கணக்கான சொற்கள், அவற்றைக் கோத்து எண்ணில்லாத வாக்கியங்கள், அவற்றில் இல்லாததையும் நடக்காததையும் பேசுவது என்ற முழு ஏற்பாடு நம்மிடம் மட்டும்தான் காணப்படுகிறது.

கடினமான மொழி: குழந்தைக்கு எதுவும் இல்லை. பெரியவருக்கு, தன் மொழியிலிருந்து எவ்வளவு தூரம் என்பதே கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஆங்கிலம் பேசுவோருக்குத் தமிழ் படிக்கச் சுமார் 44 வாரம், ஜப்பானிய மொழிக்கு 88 வாரம் என்று வைத்திருக்கிறது. கொரிய மொழி பேசுபவருக்கு அதே ஜப்பானிய மொழி எவ்வளவோ சுலபம்.

மூத்த மொழி: இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். எந்த மொழி பேசுபவரும் தன் பெற்றோரிடம் கற்றார், அவர்கள் தங்கள் பெற்றோரிடம் கற்றார்கள். சங்கிலி எங்கும் அறுபடவில்லை. அந்த வகையில், நிகரகுவா போன்ற சில விதிவிலக்குகள் தவிர, எல்லா மொழிக்கும் வயது ஒன்றே. எழுத்துச் சான்றில் மூத்தது என்று கேட்டால் சுமேரியமும் எகிப்தியமும், 5,000 ஆண்டுக் கணக்கு. இரண்டும் இன்று யார் வீட்டிலும் பேசப்படுவதில்லை. தமிழின் பெருமை வேறு வகையானது. இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் தொடர்ந்து இருக்கிறது, அந்த மொழியின் வழித்தோன்றலில் இன்றும் கோடிக்கணக்கானோர் சண்டை போடுகிறார்கள், கொஞ்சுகிறார்கள். முதல் மனிதன் தமிழ் பேசினான் என்று நிறுவ வேண்டிய தேவை எனக்குப் புரியவே இல்லை. மொழியின் தோற்றம் பற்றிய வெற்று ஊகங்கள் பெருகியதால் பாரிஸ் மொழியியல் கழகம் 1866இலேயே அந்தப் பொருளில் கட்டுரை ஏற்க மாட்டோம் என்று விதி போட்டுவிட்டது. எல்லா ஊரிலும் இந்த ஆசை இருந்திருக்கிறது.

கடைசியில், மொழியைக் கவனிக்க எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். செல்போனில் வீட்டாரின் சம்மதத்தோடு ஐந்து நிமிடப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். பிறகு காதில் விழுவதை மட்டும், திருத்தாமல், அப்படியே எழுதுங்கள். ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் நடுவே இருக்கும் நேரத்தைக் கவனியுங்கள். பத்து மொழிகளில் அளந்தபோது அது சராசரியாக வினாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வந்தது. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே அதைப்போல மூன்று மடங்கு நேரம் ஆகும். அப்படியென்றால் எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் பதில் உள்ளே தயாராகிக்கொண்டிருக்கிறது. நான் முதன்முதலில் இப்படி எழுதியபோது ஒரு நிமிடப் பேச்சுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. பேசும்போது "வந்து, வந்து" என்று இழுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அந்த ஒரு நிமிடத்தில் என் குரலிலேயே ஒன்பது வந்து இருந்தது, அதில் ஒன்றுகூட எங்கேயும் வரவில்லை.